ஆயில் மாற்றிய பின் லிப்டு எழவில்லையெனில்

புரட்டாசி பிறந்ததும் இராமநாதபுரம் சீமையில் புழுதி விதைப்புக்கு உழவு மும்முரமாகிவிடும். மழைக்கு முன் விதை மண்ணுக்குள் சேர வேண்டும். இந்தச் சமயம் பார்த்தே பலர் டிராக்டரின் ஆயிலை மாற்றுகின்றனர். மறுநாள் கலப்பை எழ மறுக்கிறது. பாம்பனுக்கு இக்கரையில் ஓர் அன்பர், பம்பு போய்விட்டதென முடிவுகட்டி, நகையை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார். நாம் சென்று பார்த்தபோது, புதிய பில்டரின் ரப்பர் வளையம் மடிந்திருந்தது, அவ்வளவே! பம்பு உறிஞ்சும் பக்கமாதலால், வண்டி ஓடுகையில் ஒரு சொட்டும் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும்.

இதில் மர்மம் ஏதுமில்லை. ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே பம்பின் விசை கலப்பையைத் தூக்காமல் காற்றை நசுக்குவதில் வீணாகிறது. லிப்டு துள்ளித் துள்ளி எழுவதும், பம்பு ஊளையிடுவதும் இதன் அறிகுறிகள். (2025-இல் திறக்கப்பட்ட பாம்பன் புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மோட்டாராலும் கயிற்றாலும் எழுவது. அதற்கு இத்தொல்லை இல்லை!)

பம்பின் மேல் பழி போடுமுன் அளவைப் பாருங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, லிப்டுக் கரங்களை முழுதும் தாழ்த்தி, அளவுகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான். பில்டர் வறண்டிருந்ததால் புதிய ஆயிலில் ஒரு பகுதி அதற்குள் போய்விடும். காலையில் சரியாயிருந்த அளவு மாலையில் குறைந்து நிற்கும். பின்னர் கலப்பையைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கரங்களைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்குங்கள். பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். மறுபடியும் அளவு பார்த்து நிரப்புக.

ஆயில் வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஓரிரவு வையுங்கள். காலையில் தெளிந்தால் நுரை. பால் போலவே நின்றால் தண்ணீர். நமது கடற்கரை ஈரக்காற்றில் இது அரிதன்று. மழையில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மூடியோரம் நீர் தேங்கி உள்ளிறங்குவதும் உண்டு. அந்த ஆயிலை மீண்டும் வடித்தே தீரவேண்டும். விலை குறைவென்று வேறு ரக ஆயில் ஊற்றுவதும் ஆபத்து. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் அதனால் பிரேக்கும் அதிர்ந்து அலறும்.

இத்தனையும் செய்த பின்னும், வெறுங் கரம் எழுந்து, 9 கொத்துக் கலப்பை மாட்டினால் எழவில்லையெனில், வால்வோ பம்போ தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. தூக்கி நிற்கும் கலப்பைக்குக் கீழே மட்டும் எவரும் குனியலாகாது. கசிவைக் கையால் தடவியும் பார்க்கலாகாது. அட்டை ஒன்றை நீட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீறும் ஆயில் தோலைத் துளைத்துவிடும்.

வடித்த பழைய ஆயிலை ஓடையில் கொட்ட வேண்டாம். அது மன்னார் வளைகுடாவில் கலக்கும். நம் மீனவ அங்கத்தினரின் வலையிலும் வந்து சேரும். மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.