ஓட்டை நாலு சரி, அளவு சரியா? பழைய ஹெரால்டு காருக்கு வீல் மாட்டுவோர் உஷார்!

சென்னை-

"வண்டியிலே நாலு போல்ட், வீல்லே நாலு ஓட்டை. மாட்டினா முடிஞ்சுது அண்ணே!"

பழைய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காருக்கு அழகான வீல் தேடிப் போகிறவருக்கு சில கடைகளில் இப்படியும் பதில் கிடைக்கும். நம்பி மாட்டினால் வீல் நடுரோட்டில் கழன்று ஓடலாம்!

ஹெரால்டு நம்ம ஊர் கார். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரயம்ப் ஹெரால்டை, ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் சென்னையில் தயாரித்தது. அதை இன்று தூசி தட்டி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீலும் அந்தக் காலத்துப் பாணியில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

2 மில்லிமீட்டர் வில்லன்

அவர்கள் பெரிதும் விரும்புவது 8 கை வைத்த 'மினிலைட்' பாணி வீல். 1960-களில் இங்கிலாந்து ரேஸ் கார்களில் ஓடியது. அன்று மக்னீசியத்தில் செய்தார்கள். இன்று அதே உருவத்தில் வருபவை பெரும்பாலும் அலுமினியம்.

சிக்கல் ஓட்டையில்தான். ஹெரால்டின் 4 போல்ட்டும் அமைந்த வட்டத்தின் குறுக்களவு 95.25 மில்லிமீட்டர். மாருதி சுவிப்ட் வீலில் அது 100. போல்ட்டுக்கு போல்ட் 2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். நட்டைப் பலமாக முறுக்கினால் எப்படியோ உட்கார்ந்துவிடும். ஆனால் போல்ட் வளைந்து நிற்கும். அதுவும் 3/8 அங்குல போல்ட்! எத்தனை நாள் தாங்கும்?

ஓட்டையை அரம் போட்டு அகலப்படுத்தித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

அகலமும் முக்கியம். கம்பெனி ரிம் மூன்றரை அங்குலம்தான். ஐந்தரை அங்குலம் மாட்டினால் பார்க்க ஜோர்! ஆனால் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் கார் இது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும். ஒரு வீலை மட்டும் மாட்டி, இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

கம்பி வீல்

கம்பி வீலுக்குத் தனி மவுசு. வேலையும் அதிகம். டியூப் போட்டாக வேண்டும், கம்பிகள் தளர்ந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் ஒரே பெரிய நட்டு. இடது, வலது பக்க நட்டுகளின் மரை எதிரெதிர் திசையில் இருக்கும். அவற்றைத் தாங்கும் அடாப்டரை பக்கம் மாற்றி மாட்டினால் வண்டி ஓட ஓட நட்டு தானாகக் கழலும்!

50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் கூடாது என்கிறது. அதனால் புது வீலுக்காக பாடியை வெட்டி இடம் பண்ணினால் வம்பு.

செலவு வேண்டாம் என்பவர்கள் கம்பெனியின் பழைய இரும்பு ரிம்மையே நெளிவு எடுத்து, பெயிண்ட் அடித்து, பளபள மூடி போட்டுக் கொள்ளலாம். உண்மையைச் சொன்னால் ஹெரால்டுக்கு அதுதான் லட்சணம்!

எந்த வீலானாலும் மாட்டி 50 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் அன்று காலையில் புது வீல் மாட்டுவது வேண்டவே வேண்டாம்.