பிடிமானத்தின் வலிமை

கணினியின் கட்டளைப்படி தானே நகர்ந்து மரப்பலகையைச் செதுக்கும் பொறியைச் சி.என்.சி. ரூட்டர் என்பர். மாணவர் சிலர் இதனைத் தம் கையாலேயே அமைக்க முற்படுகின்றனர். அவர்கள்முன் நிற்கும் வினா ஒன்று உண்டு. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் வெட்டுக்கருவியைத் தாங்கும் தகடும் போல்ட்டுகளும் போதிய வலிமை உடையனவா? இதில் தவறினால் கெடுவது பலகை மட்டுமன்று. முறிந்து தெறிக்கும் வெட்டலகு கண்ணையும் பறித்துவிடக் கூடும்.

முதலில் போல்ட்டை நோக்குவோம். அதன் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், முதல் எட்டை நூறால் பெருக்குக. சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை அது அறாது என்பது பொருள். புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை, அதாவது 640 நியூட்டன் வரை, அது நிலையாக நீண்டுவிடாது என்பதைக் குறிக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டின் மரைப்பகுதியில் விசையைத் தாங்கும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மில்லிமீட்டர். ஆகவே அதனை அறுக்க 16,000 நியூட்டன் வேண்டும். சிறு பொறி மரத்தை வெட்டுகையில் எழும் விசையோ பெரும்பாலும் சில நூறு நியூட்டனைத் தாண்டுவதில்லை.

அங்ஙனமாயின் கவலை எதற்கு? போல்ட்டின் வேலை, முளைபோல் குறுக்கே நின்று தடுப்பதன்று. இரு பாகங்களையும் இறுக்கி, உராய்வினால் அசையாது நிறுத்துவதே. நன்கு முறுக்கிய போல்ட் 8,000 நியூட்டன் அழுத்தம் தந்தால், உராய்வு அதில் ஏழில் ஒரு பங்கே ஆயினும், ஆயிரம் நியூட்டன் வரை இணைப்பு வழுக்காது. அதிர்வினால் இறுக்கம் தளர்ந்தாலோ, எஃகின் வலிமை இருந்தும் பயனில்லை. அலுமினியத்தில் மரை வெட்டுவோர், போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் விடுதல் நன்று. ஆழம் குறைந்தால், முறுக்கும்போதே மரை உரிந்துவிடும்.

இனி, தகடு. அது முறியாவிட்டாலும் வளையும். தகட்டின் தடிப்பை 6 மில்லிமீட்டரிலிருந்து 12 ஆக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு இரு மடங்காகாது, எட்டு மடங்காகும். தாங்கியிலிருந்து வெளியே நீளும் பகுதி இரு மடங்கானால், வளைவும் அவ்வாறே எட்டு மடங்காகும்.

இவற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. வெட்டுக்கருவியின் மின்னிணைப்பை நீக்கி, அலகைக் கழற்றிவிடுங்கள். கருவியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையைக் கருவியின் உடலில் தொடவையுங்கள். பின்னர்ச் சுருள்வில் தராசினால் கருவியை 50 நியூட்டன் விசையில் இழுத்து விடுங்கள். இழுக்கையில் முள் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே மீண்டால், பெரும்பாலும் அது தகட்டின் வளைவு. தடித்த தகடு வேண்டும். முள் மீளாது நின்றுவிட்டால், இணைப்பு எங்கோ வழுக்கியிருக்கிறது. முதலில் போல்ட்டுகளை முறையாக இறுக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது பெரிய போல்ட் தேடி அலைவோர் பலர். முறியுமா என்பதோடு நில்லாமல், அசையுமா என்றும் கேட்டுப் பழகுங்கள்.