சூடானால் ஸ்டார்ட் ஆகாத டீசல் வேன்... பேட்டரியை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

வார இறுதியில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். சென்னையிலிருந்து இ.சி.ஆர். வழியாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடி வந்த சுற்றுலா வேன், மணக்குள விநாயகர் கோயில் பக்கம் நிற்கும். சாமி கும்பிட்டுவிட்டு எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'கிர்ர்ர்... கிர்ர்ர்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். மறுநாள் காலையிலும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும்.

சொந்த வேனை வைத்துத் தவணை கட்டும் ஓட்டுநருக்கு இதைவிட மோசமான பழுது கிடையாது. முழுசாக நின்றுபோனால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம். இது ஓடவும் செய்யும், நடுவழியில் காலையும் வாரும். பயந்துபோன ஓட்டுநர்கள் பள்ளி வாசலிலும் ஹோட்டல் வாசலிலும் இன்ஜினை அணைக்காமலே விட்டு வைக்கிறார்கள். டீசலும் வீண், சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்குப் புகையும் இலவசம். இன்னொரு பக்கம் முதலில் பேட்டரி, அடுத்து செல்ஃப் மோட்டார், அப்புறம் ஹீட்டர் பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரையும். பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

ஹீட்டர் பிளக் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். குளிர்ந்த இன்ஜினில் காற்றைச் சூடாக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. மார்கழியில்கூடக் கொட்டும் பனி பார்க்காத ஊரில், அதுவும் கொதிக்கக் கொதிக்க நிற்கும் இன்ஜினுக்கு அது தேவையே இல்லை. 'சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை' என்று போனவருக்கு ஹீட்டர் பிளக் மாற்றச் சொன்னால், காரணம் கேட்பது நல்லது.

அணைத்த பிறகு ஏறும் சூடு

இன்ஜினை அணைத்ததும் சூடு இறங்கத் தொடங்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும், ஃபேன் காற்றும், வண்டி போகும் வேகமும் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அணைத்ததும் மூன்றும் நின்றுவிடும். இன்ஜினின் இரும்புக்குள் இருக்கும் சூடு பம்ப், ஒயர், சென்சார் என்று சுற்றியிருக்கும் எல்லாவற்றுக்கும் பரவும். முதல் 10, 20 நிமிடங்களுக்கு பானட்டுக்குள் சூடு ஏறத்தான் செய்யும். டீ குடிக்க நிறுத்தும் நேரமும் அதுதான். அதனால்தான் பிரச்னை சரியாக அந்த இடைவெளியில் தலைகாட்டுகிறது.

பழைய அம்பாஸடர் பெட்ரோல் கார் ஓட்டியவர்களுக்கு ஈரத்துணி வைத்தியம் நினைவிருக்கும். பெட்ரோல் சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். அந்த ஆவி பம்பில் அடைத்துக்கொள்ளும், ஈரத்துணி போட்டால் இறங்கிவிடும். டீசல் கொதிக்க 150 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். எனவே டீசல் வேனில் அந்தக் காரணம் பொருந்தாது. ஆனாலும் அதே ஈரத்துணி இங்கேயும் வேலை செய்கிறது என்பதுதான் வேடிக்கை. ஏன் என்று பார்ப்பதற்கு முன், வேறு இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

காதும் கண்ணும் போதும்

முதல் சோதனைக்குக் காது போதும். சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். வேகமாகச் சுற்றாவிட்டால் பற்றாது. இழுத்துச் சுற்றினால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தால், சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால், இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் கேபிளைப் பாருங்கள். புதுச்சேரி மாதிரி உப்புக்காற்று வீசும் ஊரில் அந்த முனை பச்சை பூத்துக் கிடப்பது சகஜம். 100 ரூபாய்க்குள் முடியும் வேலைக்காக ஆயிரங்களைச் செலவழித்தவர்கள் உண்டு.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது சோதனை. செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் பின்னால் போய் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. சூட்டுப் பிரச்னையில் பெரும்பாலும் இந்த இரண்டாவது கதைதான்.

ஈரத்துணி ரகசியம்

பழைய மாடல் வேன்களில் இருப்பது மெக்கானிக்கல் பம்ப். ஒர்க்‌ஷாப்களில் இன்னமும் 'மைக்கோ பம்ப்' என்றே சொல்கிறார்கள். பெங்களூருவில் 1951-ல் தொடங்கிய அந்த நிறுவனம், 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியும் பழைய பெயர் போகவில்லை. அந்த பம்புக்குள் டீசலை அழுத்தும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே அதற்கு முன்னால் கயிறு மாதிரி. அவ்வளவு நெருக்கமான பாகங்களுக்கு மசகாக இருப்பதும் அந்த டீசல்தான்.

வருடக்கணக்கில் ஓடி அந்த இடைவெளி கொஞ்சம் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் டீசல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். தேய்ந்த இடைவெளியில் அதிகம் கசியாது. பம்ப் சூடானால் டீசல் நீர்த்துவிடும். 40 டிகிரியில் இருந்த கெட்டித்தன்மை, 80 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில், அழுத்தம் ஏறுவதற்குள் டீசல் இடைவெளி வழியாகத் திரும்பிக் கசிந்துவிடும். நாசில் திறக்கவே திறக்காது. இன்ஜின் ஒருமுறை பிடித்துவிட்டால் பம்ப் பல மடங்கு வேகத்தில் சுற்றும், கசியவே நேரம் இருக்காது. ஓடும்போது குறை தெரியாமல் இருப்பது இதனால்தான். நான்கு பேர் தள்ளினால் பட்டென்று ஸ்டார்ட் ஆவதும் இதே கணக்கில்தான்.

ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றி 5, 10 நிமிடம் வைத்துவிட்டு முயலுங்கள். பிடித்துக்கொண்டால், பம்ப் தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. பக்கெட் தண்ணீரை அப்படியே கொட்டக்கூடாது. சூடான உலோகம் திடீரென்று சுருங்கினால் உள்ளே பிடித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டரில் தண்ணீர் போனால் அது தனிச் செலவு.

பம்பைக் கழற்றும் முன் மலிவான இரண்டு விஷயங்களையும் பார்த்துவிட வேண்டும். சாவியைப் போட்டதும் பம்பில் இருக்கும் ஸ்டாப் சாலினாய்டு 'டிக்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். சூட்டில் மட்டும் வேலை செய்யாத சாலினாய்டுகள் உண்டு. அடுத்து, கையால் பிரைமரை நாலு அடி அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால், எங்கோ வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தற்காலிகமாக ஒரு கண்ணாடி டியூப் போட்டால் குமிழி போவது கண்ணுக்கே தெரியும்.

புது வண்டிகளில் கதை வேறு

காமன் ரயில் இன்ஜின்களில் ஈரத்துணியை விட ஸ்கேனர்தான் உதவும். ரயிலில் அழுத்தம் சுமார் 200 பார் அளவுக்கு ஏறினால்தான் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கவே விடும். சூட்டில் அந்த எண் ஏறாமல் தவித்தால், ஏதோ ஒரு இன்ஜெக்டர் அளவுக்கு மீறி டீசலைத் திருப்பி அனுப்புகிறது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூபையும் தனித்தனி பாட்டிலில் விட்டுப் பார்ப்பார்கள். எந்த பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் குற்றவாளி. நான்கையும் மாற்றச் சொல்வதற்கு முன், அந்த பாட்டில்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நான்கும் ஒன்றுபோல இருந்தால் ஹை பிரஷர் பம்ப் மேல் சந்தேகம் போகும்.

இன்னொரு வழக்கமான ஆசாமி கிராங்க் சென்சார். உள்ளே இருக்கும் சுருள் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யம் என்று காட்டினால் முதலில் அதையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் செட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

பழைய வண்டியில் செய்ததுபோல, காமன் ரயில் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று மட்டும் யாரும் பார்க்காதீர்கள். 1,000 பாருக்கு மேல் அழுத்தம் போகும் லைன் அது. ஊசி மாதிரி தோலைத் துளைத்து டீசல் உள்ளே இறங்கிவிடும். வெளியே கடுகளவு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் விரலையே இழக்க நேரிடும். அப்படி நடந்தால் மருந்துக்கடையில் நிற்காமல், நேரே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பம்ப்தான் குறை என்று முடிவானால் டீசல் லேபுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். அதிக வேகத்தில் எடுத்த அளவைக் காட்டி, 'பம்ப் நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லிவிடக்கூடும். ஸ்டார்ட்டிங் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். முடிந்தால் டீசலைச் சூடாக்கி ஓட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்ப் இந்த நிலைக்கு வருவதற்குத் தேய்மானம் மட்டுமே காரணமில்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசலுக்கு மசகுத்தன்மை குறைவு. ஃபில்டரில் தங்கும் தண்ணீர் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். கடலூர், விழுப்புரம் வண்டிகள்கூட விலை குறைவு என்று புதுச்சேரிக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. லிட்டருக்கு மிச்சம் பிடிப்பவர்கள், ஃபில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகையும் மாதம் ஒருமுறை திறந்து தண்ணீரை வடித்துவிடலாம். அதற்கு ஒரு ஸ்பேனரும் 2 நிமிடமும் போதும்.