மூளை ரத்தக் குழாயின் சுவரைக் காட்டும் ஸ்கேன்

பக்கவாதம் வந்த சிலருக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தால் ரத்தக் குழாய்களில் பெரிய அடைப்பு எதுவும் தெரிவதில்லை. இதயத்திலும் கோளாறு இல்லை. பிறகு எப்படி வந்தது பக்கவாதம்? விடை தெரியாமலே வீடு திரும்புகிறவர்கள் பலர்.

போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927-ல் மூளை ரத்தக் குழாய்களை எக்ஸ்-ரேயில் படம்பிடித்தார். அதன் பிறகு வந்த ஆஞ்சியோகிராம்கள் பெரும்பாலும் ரத்தம் ஓடும் பாதையைத்தான் காட்டுகின்றன. கொழுப்புப் படிவோ குழாயின் சுவருக்குள் வளர்கிறது. தொடக்கத்தில் சுவர் வெளிப்பக்கமாக விரிந்து அதற்கு இடம் கொடுத்துவிடும், பாதை குறுகாது. இதயக் குழாய்களில் இப்படி நடப்பதை அமெரிக்காவின் சீமோர் கிளாகோவ் 1987-ல் விளக்கினார். மூளையிலும் இது நடக்கிறது. படம் ‘நார்மல்’ என்று வரும். நோய் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘வெசல் வால் எம்.ஆர்.ஐ.’. மூளையின் முக்கியக் குழாயின் விட்டமே சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதன் மெல்லிய சுவரைப் பிரித்துக் காட்டப் பொதுவாக 3 டெஸ்லா காந்தசக்தி கொண்ட இயந்திரம் வேண்டும். ஓடும் ரத்தத்திலிருந்து வரும் சமிக்ஞையை அடக்கிவிடுவார்கள். ரத்தம் கறுப்பாகி, சுவர் தனியே தெரியும். தலை சற்று அசைந்தாலும் படம் கெட்டுவிடும்.

சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. சுற்றிலும் சீராகத் தடித்திருந்தால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். முன்னதற்கு ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும். பின்னதற்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு. சிகிச்சையே மாறிவிடுகிறது என்பதால்தான் இந்த ஸ்கேனுக்கு இவ்வளவு மதிப்பு. கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட பின் படிவு பளிச்சென்று தெரிந்தால், அண்மையில் வந்த பக்கவாதத்துக்கு அதுவே காரணம் என்ற சந்தேகம் வலுக்கும்.

படிவு தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே ஸ்டென்ட் வைத்துவிட முடியாது. குழாய் 70 முதல் 99 சதவீதம் குறுகியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ‘சாம்ப்ரிஸ்’ ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 5.8 சதவீதம்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கட்டுக்குள் கொண்டுவருவதே இன்றும் முதல் சிகிச்சை.

ஆரோக்கியமாக இருப்பவர்கள் முழு உடல் பரிசோதனையோடு இதையும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, காரணம் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், குழாயின் சுவரைப் பார்த்தார்களா என்று நரம்பியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.