நுரை மெத்தையா, சுருள்வில் கலந்த மெத்தையா?

மெத்தை வாங்குவது முன்னைய நாட்களில் ஆராய்ச்சிக்குரிய காரியமாக இருக்கவில்லை. இலவம் பஞ்சு அடைத்த மெத்தை ஒன்று, தென்னந்தும்பு அடைத்த மெத்தை ஒன்று, இரண்டும் வேண்டாதவர்க்குப் பன்பாய் ஒன்று. பஞ்சு கட்டிபட்டுப் போனால் மெத்தை தைப்பவர் உறையைப் பிரித்து, பஞ்சை அடித்துப் பதமாக்கி, மீண்டும் தைத்துக் கொடுத்துவிடுவார். இன்றோ கடைக்குள் நுழைந்ததும் வேறொரு கேள்வி எழுகின்றது. முழுவதும் நுரையாலான மெத்தை வேண்டுமா, அல்லது கீழே உருக்குச் சுருள்வில்லும் மேலே நுரையும் சேர்ந்த, 'ஹைபிரிட்' எனப்படும் கலப்பு மெத்தை வேண்டுமா? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே போலிருக்கும். விலையோ பல குடும்பங்களில் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக் கூடியது. பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டால் அதனை எறிந்துவிடவும் மனம் வராது. அதன்மேல் நிம்மதியாக உறங்கவும் இயலாது. செய்த செலவுக்கு முதுகுதான் பல ஆண்டுகள் வட்டி கட்டிக்கொண்டிருக்கும்.

ஆதலின் இவ்விரு மெத்தைகளின் வயிற்றுக்குள் என்ன இருக்கின்றது என்பதை முதலில் பார்ப்போம்.

நுரை என்றதும் அது ஒரே பொருள் என்று எண்ணிவிடலாகாது. கடைகளில் மூவகை நுரைகள் உள. முதலாவது நம் நாட்டுக்கு நெருங்கிய உறவுடையது. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பித்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவைச் சேர்ந்த ஹெனரத்கொடப் பூங்காவிலே நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. அம்மரத்தின் பாலை, முட்டையின் வெண்கருவை அடிப்பது போல் அடித்து நுரையாக்கி, அச்சிலே ஊற்றி உறையச்செய்து, கந்தகத்தின் துணையோடு வேகவைத்தால் கிடைப்பதே இறப்பர்ப்பால் நுரை. இதனை 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் முதன்முதலாகச் செய்து காட்டினர். இறப்பர்ப்பால் நுரை மெத்தைகள் இன்று நம் நாட்டிலேயே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன.

இரண்டாவது பொலியூரிதேன் நுரை. ஜெர்மனிய இரசாயன அறிஞரான ஒட்டோ பாயர் 1937இல் கண்டறிந்த இரசாயன வழியின் பிள்ளை இது. விலை மலிவு, ஆதலால் கடைகளில் 'போம்' என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. மூன்றாவது 'மெமரி போம்'. 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளைக் கருதி ஆக்கப்பட்ட நுரை இது. உடற்சூட்டினால் இளகி, உடம்பின் வடிவத்திற்கேற்ப அமிழ்ந்து, எழுந்தபின் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். இதனைத் தனியாக ஒரு மெத்தையாக்குவதில்லை; வேறு நுரையின்மேல் சில அங்குலக் கனத்துக்குப் பரப்புவதே வழக்கம்.

இனிக் கலப்பு மெத்தையைப் பார்ப்போம். பழைய சுருள்வில் மெத்தைகளில் உருக்குக் கம்பிச் சுருள்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்தில் ஒருவர் புரண்டால் மறுபக்கத்தில் உறங்குபவர் படகிற் கிடப்பவர் போல் ஆடுவார். இக்குறையை நீக்கும் பொருட்டு, ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் இட்டுத் தைக்கும் முறை, கனடாவில் வாழ்ந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவரால் 1900ஆம் ஆண்டையொட்டி வகுக்கப்பட்டது. 1925இல் அமெரிக்காவின் சிம்மன்ஸ் நிறுவனம் இதனை இயந்திரத்தினாற் செய்து பெருந்தொகையாக விற்கத் தொடங்கிற்று. இத்தகைய பைச்சுருள் அடுக்கின் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் குறையாத நுரை அமைந்தாலே அதனைக் கலப்பு மெத்தை என்று சொல்வது பொருந்தும். பிணைத்த சுருள்களின்மேல் மெல்லிய நுரைத் தகடொன்றை ஒட்டிவிட்டு அதே பெயரைச் சூட்டுவோரும் உண்டு. ஆகவே கடைக்காரரிடம் சுருள்கள் தனித்தனிப் பையில் உள்ளனவா என்று கேட்டல் வேண்டும்.

வேறுபாடு எங்கே தெரியும்? முதலாவது, வெப்பத்தில். நம் நாட்டுச் சமவெளிகளில் இரவு நேரத்திலும் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலரவேண்டுமாயின் காற்று நடமாட வேண்டும். சுருள்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால், நாம் புரளுந்தோறும் காற்று அதனூடே புகுந்து வெளியேறுகின்றது. மெமரி போமோ உடம்பைத் தழுவிக்கொள்வது. தழுவும் பொருள் வெப்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நுவரெலியாவில் இது நல்ல குணமாகலாம். மட்டக்களப்பிலோ மன்னாரிலோ பங்குனி சித்திரை மாதங்களில் இதனை யாரும் பாராட்டப் போவதில்லை. இறப்பர்ப்பால் நுரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதிலே அச்சிலிட்டபோதே உண்டாக்கிய துவாரங்கள் உள்ளமையால் ஓரளவு காற்றோடும்.

இரண்டாவது, கட்டிலின் ஓரத்தில். சுருள்வில் மெத்தையின் விளிம்பு பொதுவாக உறுதியாக நிற்கும். அடர்த்தி குறைந்த நுரையின் விளிம்போ உட்கார்ந்தவுடன் சரியும். இளைஞருக்கு இது பொருட்டன்று. முழங்கால் வாதமுள்ள தாய் ஒருத்தி இரவில் எழுந்து உட்கார்ந்து, ஓரத்திற் கையூன்றி நிமிர முயலும்போது, அவ்வோரம் அமுங்கிச் சரிந்தால் நேர்வது என்னவென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் உள்ள வீட்டினர் மென்மையைப் பார்க்குமுன் ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

நுரை மெத்தைக்கும் தனிச் சிறப்புகள் உள. துணைவர் புரள்வது அதிலே மிகக் குறைவாகத்தான் தெரியும். ஓசை எழுப்பாது. ஒருக்களித்து உறங்கும் மெலிந்த உடலினரின் தோளுக்கும் இடுப்புக்கும் இதமாக இடங்கொடுக்கும். பாரம் குறைவாதலால் வீடு மாறும்போது தூக்குவது எளிது. விரிப்பு மாற்றவும் நுளம்பு வலையைச் செருகவும் ஓரத்தை உயர்த்துபவரின் கைக்கும் அது நல்லது. ஆனால் உடற்பாரம் மிக்கவர், மல்லாந்தோ குப்புறவோ படுப்பவர், கணவன் மனைவியருள் ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருப்போர் ஆகியோருக்குப் பைச்சுருள் கலப்பு மெத்தையே பெரும்பாலும் ஒத்துவரும் என்பது என் கருத்து. நுரை மட்டும் உள்ள மெத்தையில் பருத்தவர் பக்கம் பள்ளமாகி, மெலிந்தவர் இரவெல்லாம் அப்பள்ளத்தை நோக்கி உருண்டு செல்வதுண்டு.

எனினும், சுருள் இருப்பதாலேயே ஒரு மெத்தை நீடித்து உழைக்கும் என்று நம்பிவிடலாகாது. கலப்பு மெத்தையிலும் முதலிற் தளர்வது உருக்கன்று. அதன் மேலுள்ள நுரையே. எதை வாங்கினாலும் நாம் வாங்குவது நுரையைத்தான். ஆகவே கடையில் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி நுரையின் அடர்த்தி என்ன என்பதே. ஒரு கன மீற்றர் நுரை எத்தனை கிலோகிராம் நிறுக்கும் என்பதே அடர்த்தி. பொலியூரிதேனாயின் 30க்கு மேற்பட்டது நாளாந்தம் படுப்பதற்கு ஏற்றது. 20ஐ ஒட்டியது எப்போதாவது வரும் விருந்தினர்க்குப் போதும். மெமரி போமாயின் 50க்குக் குறையாதிருத்தல் நன்று. இறப்பர்ப்பால் நுரை இவற்றினும் பாரமானது. ஏறக்குறைய 65 முதல் 85 வரை இருக்கும்.

அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதை இங்கே நினைவிற்கொள்ளுதல் அவசியம். அடர்த்தி குறைந்த நுரையையும் இரசாயன முறையால் கடினமாக்கலாம். கடையிலே கையால் அமுக்கிப் பார்த்தால் அது உறுதியானது போலவே தோன்றும். ஒரு மழைக்காலம் கழியட்டும். இடுப்பு இருந்த இடத்தில் குழி விழுந்துவிடும்.

கடைக்காரர் அடர்த்தியைச் சொல்லவில்லையாயின் தராசைக் கேளுங்கள். ஆறேகால் அடி நீளமும் ஐந்து அடி அகலமும் ஆறு அங்குலக் கனமும் உள்ள மெத்தையின் கனவளவு ஏறக்குறைய 0.44 கன மீற்றர். அடர்த்தி 20 ஆயின் அதன் நிறை சுமார் 9 கிலோகிராம். 32 ஆயின் 14 கிலோகிராம். 40 ஆயின் ஏறத்தாழ 18 கிலோகிராம். இறப்பர்ப்பால் நுரையாயின் 30 கிலோகிராமை எட்டிவிடும். உறையின் நிறைக்காக ஓரிரு கிலோகிராம் கழித்துக்கொள்க. விலைச்சீட்டில் எழுதியிருப்பதற்கும் தராசு காட்டுவதற்கும் பெரும் வேறுபாடிருந்தால், அந்தக் கடையை விட்டு வெளியேறுவதே உத்தமம். நுரையிற் சுண்ணத்தூளைக் கலந்து பாரங் கூட்டும் தந்திரமும் உலகில் உண்டு. ஆயினும் தராசு பெரும்பாலும் உண்மையையே பேசும். கலப்பு மெத்தைக்கு இக்கணக்குப் பொருந்தாது. உருக்கின் பாரமும் சேர்ந்துவிடும். அங்கே மேலுள்ள ஒவ்வொரு நுரைத் தட்டின் கனத்தையும் அடர்த்தியையும் எழுத்திற் கேட்டுப் பெறுக. ஆயிரஞ் சுருள், ஈராயிரஞ் சுருள் என்று எண்ணிக்கையைச் சொல்லி மயக்குவோரும் உளர். சுருளின் எண்ணிக்கையோடு கம்பியின் தடிப்பும் சேர்ந்தே பயன் தரும். அளவு வேறுபட்ட இரு மெத்தைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுவதிற் பொருளில்லை.

முதுகு வலிக்குப் பலகை போன்ற படுக்கையே மருந்து என்னும் நம்பிக்கை நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட இடுப்புவலி உடைய 313 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியொன்று 2003ஆம் ஆண்டில் 'லான்செற்' என்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒரு சாராருக்குக் கடின மெத்தையும், மறுசாராருக்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் தரப்பட்டன. 90 நாட்களின் பின்னர் நடுத்தர மெத்தையில் உறங்கியவர்களே கூடுதலான நிவாரணம் பெற்றிருந்தனர். உடம்பு முழுவதும் புதையவும் கூடாது. தோளும் இடுப்பும் மட்டும் தாங்கி இடுப்பின் வளைவு அந்தரத்தில் நிற்கவும் கூடாது. படுக்கையோடு கிடக்கும் நோயாளருக்கு இக்கணக்குகள் போதா. எவ்வளவு நல்ல மெத்தையாயினும் அவரை வேளைக்கு வேளை புரட்டிவிடும் கடமையை அது ஏற்றுக்கொள்ளாது. அவருக்கேற்ற படுக்கையை வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டறிதல் வேண்டும். கைக்குழந்தைக்கு முகம் புதையும் மென்னுரை ஆபத்தானது. சமதளமான, உறுதியான படுக்கையே அதற்கு உரியது.

வாங்கியபின் பேணுவதிலும் நம் பழைய வழக்கமொன்று குறுக்கே நிற்கின்றது. இலவம்பஞ்சு மெத்தையை முற்றத்தில் வெயிலிற் போட்டுப் பழகியவர் நாம். பஞ்சுக்கு அது நல்லது. இறப்பர்ப்பால் நுரைக்கோ நேர்வெயில் நஞ்சு; இறப்பர் மஞ்சளித்து, வெடித்து, பொடியாக உதிரும். பொலியூரிதேனையும் வெயில் கெடுக்கும். நிழலிற் காற்றாட நிறுத்தி வைத்தலே முறை. கலப்பு மெத்தைக்கு எதிரி வேறு. கடலோர வீடுகளின் உப்புக்காற்றும் ஈரமும் உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். அங்கே நீர் கசியாத உறையொன்று இடுவதும், நிலத்தில் நேரே போடாதிருப்பதும் அவசியம்.

கட்டிலையும் மறந்துவிடலாகாது. நாடா தளர்ந்து தொட்டிலாகிப்போன கட்டிலில் எந்த மெத்தையும் தொட்டிலாகவே கிடக்கும். சட்டங்கள் உள்ள கட்டிலாயின் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேற்படாதிருப்பது நன்று. அதற்கு மேற்பட்டால் சுருள்களும் நுரையும் இடையே இறங்கும். முற்றாக அடைத்த பலகையிலோ கீழ்ப்புறம் காற்றுப்படாமற் பூஞ்சணம் பிடிக்கும். கலப்பு மெத்தைகள் பத்து, பன்னிரண்டு அங்குல உயரத்திலும் வருகின்றன. அம்மெத்தையை நம் பழைய உயர்ந்த கட்டிலின்மேல் ஏற்றினால், வயதானவரின் கால் நிலத்தைத் தொடாது. உட்காரும்போது பாதம் முழுவதும் தரையிற் பதிந்து, முழங்கால் செங்கோணமாக மடியும் உயரமே சரி. கடைக்குப் போகுமுன் வீட்டுக் கட்டிலின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

கடையில் வெட்கப்படாது படுத்துப் பாருங்கள். மூன்று விநாடி அமுக்கிப் பார்ப்பதாற் பயனில்லை. நீங்கள் வழக்கமாக உறங்கும் நிலையில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடக்க வேண்டும். இருவர் உறங்கும் மெத்தையாயின் இருவரும் கிடக்க வேண்டும். முதியவருக்காக வாங்குவதாயின் அவரையே அழைத்துச் சென்று, ஓரத்திலிருந்து தாமாக எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பணங் கொடுக்குமுன் உத்தரவாதப் பத்திரத்தையும் வாசித்தல் நன்று. எத்தனை அங்குலக் குழி விழுந்தால் மாற்றித் தருவர், அக்குழியை எவ்வாறு அளப்பர், கறை படிந்தால் உத்தரவாதம் செல்லுமா, எடுத்துச் செல்லும் கூலி யாருடையது என்பன அதிலே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.