கொல்லை விளக்கு ஏன் கீழ்நோக்கி ஒளிர வேண்டும்?

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே அமைந்த அடி அண்ணாமலையில், வீட்டுக் கொல்லையின் பழைய விளக்கைக் கழற்றிவிட்டு வெண்ணிற எல்இடி விளக்கைப் பொருத்துவோர், வெளிச்சம் கூடுவதோடு பூச்சிகள் மொய்ப்பதையும், ஊரெங்கும் இத்தகைய விளக்குகள் பெருகும்போது இரவு வானம் வெளிறுவதையும் காண்பர்.

வெண்ணிற எல்இடியின் சில்லு உண்மையில் உமிழ்வது, ஏறக்குறைய 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியையே. அதன்மீது பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளையே மிகுதியாகச் சிதறடிப்பதால், இந்த நீலம் 600 நானோமீட்டர் செம்மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது.

பூச்சிகளின் செய்தி இன்னும் வியப்பானது. அவை விளக்கை விரும்பி வட்டமிடுவதில்லை. 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வின்படி, ஒளிமிக்க வானத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கப் பழகிய அவை, விளக்கருகே வந்ததும் அதற்கே முதுகைத் திருப்பிச் சுழலில் சிக்குகின்றன. விளக்குக்கு மேலே பறப்பவை தலைகீழாகப் புரண்டு விழுகின்றன. மரத்தடியிலிருந்து மேல்நோக்கி ஒளிரும் அலங்கார விளக்கு, இக்காரணத்தால், மிகத் தவறான தேர்வாகும்.

மேல்மூடியுடன் தரையை மட்டும் நோக்கும், 2700 கெல்வின் நிறவெப்பநிலை கொண்ட (இவ்வெண் குறையக் குறைய ஒளியின் மஞ்சள் கூடும்) விளக்கை முழங்கால் உயரத்தில் பொருத்தி, ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சாருடன் இணைத்தால், நடைபாதைக்கு வேண்டிய ஒளி தவறாது கிடைக்கும்.