நீடில் போகும், 'பின்' நிற்கும்

தையல் கடை மேசையில் குண்டூசி டப்பாவும் ஊசிப் பொட்டலமும் அடுத்தடுத்தே கிடக்கும். நமக்கு இரண்டும் ஊசிதான். ஒன்றுக்குத் தலை இருப்பதால் அது குண்டூசி. டாக்டர் போடுவதும் ஊசி, தீபாவளிக்கு வெடிப்பதும் ஊசி வெடி. ஆங்கிலத்திலோ 'பின்', 'நீடில்' என்று இரண்டு பெயர்கள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் ஆங்கிலக்காரர் முகம் சுளிப்பார்.

இரண்டுமே கூரான கம்பித் துண்டுதானே, என்ன வித்தியாசம்? ஒன்றுக்குக் காது உண்டு, மற்றதற்கு இல்லை என்பார்கள். ஆனால் ஸ்வெட்டர் போடும் நீடிலுக்குக் காது கிடையாது; திசைகாட்டியின் நீடிலுக்கும் கிடையாது. நான் பிடித்து வைத்திருக்கும் அடையாளம் வேறு: நீடில் போகும், வரும், 'பின்' போன இடத்தில் நிற்கும். சொல்லின் பிறப்பும் இதற்கு ஒத்துவருகிறது. 'நீடில்' தைப்பதைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. 'பின்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் மரமுளை, தாழ் என்றுதான் பொருள்.

போய்வருவதில் தையல் மெஷின் ஊசியை மிஞ்ச ஆளில்லை. ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். கைத்தையல் ஊசிக்குக் காது தலைமாட்டில், இதற்கோ நுனியருகே. கை ஊசி துணியை ஊடுருவி முழுதாக அந்தப் பக்கம் போய்விடலாம். மெஷின் ஊசியின் மேல்பகுதியை ஸ்க்ரூ இறுக்கிப் பிடித்திருக்கிறது. நுனி மட்டும் துணிக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதனால் நூலை நுனியிலேயே சுமந்து போகிறது.

ஊசியின் ஒரு பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும். இறங்கும்போது நூல் துணியில் உரசி அறுந்துவிடாமல் அதற்குள் ஒடுங்கிக்கொள்ளும். மறுபக்கம், காதுக்குச் சற்று மேலே, கொஞ்சம் செதுக்கியதுபோல் இருக்கும். ஊசி அடிமட்டம் வரை போய் ஒரு நூலளவு மேலே ஏறியதும், அந்தப் பக்கத்து நூல் துணியில் சிக்கி ஏற முடியாமல் புடைத்துக் கண்ணியாக நிற்கும். கீழே சுழலும் கொக்கி அந்தச் செதுக்கலை ஒட்டி வந்து கண்ணியைக் கொத்தி எடுத்து, கீழ்நூல் இருக்கும் பாபினைச் சுற்றிப் போட்டுவிடும். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. ஒரு தையல் முடிந்தது.

இனி 'பின்'. நிற்பது மட்டுமே வேலை என்றான பிறகு அதற்குக் கூர்மைகூடத் தேவையில்லாமல் போயிற்று. சப்பாத்திக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'ரோலிங் பின்'. கதவுக் கீலின் நடுத்தண்டும் 'பின்'தான். செஸ்ஸில் ராஜாவுக்குக் குறுக்கே நிற்பதால் நகர முடியாமல் மாட்டிக்கொண்ட காயையும் 'பின்' ஆகிவிட்டது என்கிறார்கள். வாட்ஸப் குழுவில் ஒரு செய்தியை உச்சியில் நிறுத்தி வைப்பதும் அதே சொல்.

இதில் எனக்குப் பிடித்தது பூட்டுக்குள் இருக்கும் 'பின்'. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை வாங்கிய வகை அது. பழைய எகிப்தின் மரப்பூட்டிலேயே இந்த யோசனை உண்டு. சாவி திருப்பும்போது சுழலும் உருளை ஒன்று. அதைச் சுற்றி அசையாத கூடு ஒன்று. இரண்டையும் துளைத்துக்கொண்டு வரிசையாகச் சில குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் 'பின்' பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும், உருளை அசையாது. சரியான சாவியின் பற்கள் ஒவ்வொரு ஜோடியையும் அதனதன் அளவுக்குத் தூக்கும். எல்லா ஜோடியின் இணைப்பும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால் பூட்டு திறக்கும். ஒன்று ஒரு மயிரிழை தவறினாலும் திறக்காது. திண்டுக்கல் பூட்டு வேறு சாதி, அதில் லீவர்.

என் கணக்குக்கு அடங்காதவையும் உண்டு. பைன் மரத்து இலையும், 1878இல் லண்டனில் நிறுத்திய எகிப்தியக் கல்தூண் 'கிளியோபாட்ராவின் நீடி'லும் எங்கும் போவதில்லை. உருவத்தால் மட்டும் பெயர் பெற்றவை. 1972இல் வந்த நம் அஞ்சல் பின்கோடும் ஏ.டி.எம். 'பின்'னும் இந்தக் குடும்பமே அல்ல. அவை முதலெழுத்துச் சுருக்கங்கள். அந்த 'பின்'னிலேயே 'நம்பர்' அடங்கியிருக்க, நாம் 'பின் நம்பர்' என்று கூடுதலாக ஒரு நம்பர் சேர்த்துக்கொள்கிறோம்.

நீடில், 'பின்' இரண்டிலும் கைவைத்த மனிதர் நியூயார்க்கின் வால்டர் ஹண்ட். 1830களிலேயே நுனியில் காதுள்ள ஊசியோடு ஒரு தையல் மெஷின் செய்துவிட்டார். காப்புரிமை கேட்கவில்லை. 1846இல் எலியாஸ் ஹோவ் என்பவர் அதுபோன்ற மெஷினுக்குக் கேட்டார், கிடைத்தது. 1849இல் ஹண்ட் ஒரே கம்பியை வளைத்து, ஒரு முனையில் ஸ்பிரிங் சுருளும் மறுமுனையில் கூரை மூடும் தொப்பியும் வைத்து, நம் ஊக்கைச் செய்தார். இந்த முறை காப்புரிமை வாங்கினார். வாங்கிய கையோடு அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார்.